நாலு மணி ஆறு நிமிஷத்துப் பதில்

விழுப்புரம்
14.11.2025

அன்புச்செல்வி அக்காவுக்கு,

அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி ஐம்பத்தொரு நிமிடம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து தோளைத் தொட்டுச் சொன்னார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைத்தான் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "தம்பி, உனக்கு எத்தினி மணிக்குச் சொன்னாங்க? ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்றாங்க" என்று கேட்டீர்கள். இப்போது எழுதுகிறேன். மூன்று ஐம்பத்தொன்று.

இலையிலிருந்து பாதியில் எழுந்து போனதற்கு மன்னிக்க வேண்டும். ஜெசிந்தா படத்துக்கு முன்னால் படைத்த கருவாட்டுக் குழம்பை எனக்கும் ஊற்றினீர்கள். "என் தங்கச்சி கடைசியா வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான், கட்னவன் ஒரு வாய் வைக்க மாட்டியா" என்றீர்கள். கேட்டது நியாயம். என்னால் முடியவில்லை. ஏன் என்று எழுத வரவில்லை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள் என்பது தெரிகிறது. பேச வேண்டியதைச் சீட்டில் எழுதித் துணிப் பையில் போட்டு அனுப்பச் சொன்னதாக பாசஞ்சரில் போய் வரும் வெள்ளையம்மாள் அக்கா ஸ்டேஷனில் சொன்னது. மூன்று வருஷமாக அந்தப் பைதான் உங்களுக்கும் ஜெசிக்கும் நடுவில் பாசஞ்சர் ரயிலில் போய் வந்தது. நீங்கள் வெட்டி அனுப்பிய துணியில் அவள் ஆரி வேலை செய்து இங்கிருந்து திருப்பி அனுப்புவாள். இப்போது அதில் என் சீட்டு மட்டும் வருகிறது.

கடையின் ஃபேஸ்புக் பேஜை உங்களுக்கு மாற்றித் தரக் கேட்டிருந்தீர்கள். தையல் கடை உங்களுடையது, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுப்பது போல இல்லை. உங்கள் பெயரை அட்மினாகச் சேர்க்க வேண்டும், அவர்கள் சரிபார்க்க வேண்டும். எப்படியும் ஏழு நாள் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னரசு

*

திண்டிவனம்
17.11.2025

தம்பிக்கு,

சீட்டு வந்துச்சு. இன்னாப்பா இது, உங்க கேபிள் கம்பெனிக்கு எழுதற மெயில் மாதிரி எழுதியிருக்க. ஜெசி இருந்தா படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

நேரத்த நீ தப்பா சொல்ற. டாக்டரு சொன்னது மூணு அம்பத்தொண்ணு இல்ல. எப்புடின்னு கேளு. அன்னிக்கு நானும் அம்மாவும் பொறப்பட்டு நின்னுக்கினு இருந்தோம். அவ போனு ஆஃப்ல இருக்கு, நீயும் எடுக்கல. சரி, பேஜ்ல எப்பவும் பதில் போட்டுக்கினே இருப்பாளேன்னு அதுல கேட்டேன். "நாங்க கெளம்பறோம்டி, எப்டி இருக்க"ன்னு நாலு ரெண்டுக்கு போட்டேன். நாலு ஆறுக்கு பதில் வந்துச்சு. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவசரப்படாம மெதுவா வாங்க. வரும்போது கருவாட்டுக் கொழம்பு வச்சிக் கொண்டா, ஆஸ்பத்திரி சோறு எறங்கல." இப்பவும் என் போன்ல கெடக்கு. பாக்காத நாள் இல்ல.

எங்க அம்மா ஜெயத்தப் பத்தி உனக்குத் தெரியும். மூணு நாளா அழுதுக்கினு கெடந்தது, அந்தப் பதிலப் படிச்சுக் காட்டுனதும் பைய கீழ வச்சிட்டு உக்காந்து கருவாடு கழுவ ஆரம்பிச்சிடுச்சி. "பாரு, என் புள்ள நாக்கு கேக்குது, இனி பொழச்சிக்குவா"ன்னுச்சி. கொழம்பத் தூக்குல ஊத்திக்கினு பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டும்போது உன் போனு வந்துச்சு. அப்ப மணி ஆறு இருபது. அந்தத் தூக்கோடதான் எறங்குனோம்.

அதனால நாலு ஆறு வரைக்கும் என் தங்கச்சி இருந்தா. பேசுனா. பசிக்குதுன்னா. நீ கொழப்பாத.

பேஜ் விஷயம். ஏழு நாள் இன்னா ஏழு நாள். செல்போன் கடை இனியவன் சொல்றான், ரெண்டு நிமிஷ வேலையாம். கார்த்திகை முகூர்த்தம் பொறந்துடுச்சு. கடைக்கு நடந்து வர்றவங்க எத்தினி பேரு, பத்துல எட்டு பேரு அந்தப் பேஜப் பாத்துட்டு வர்றவங்கதான். ரெண்டு மிஷினு சும்மா கெடக்கு. ஜல்தி மாத்திக் குடு.

அன்புச்செல்வி

*

விழுப்புரம்
20.11.2025

அக்காவுக்கு,

நேரம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. நீங்கள் சொல்வது போலவே இருக்கட்டும்.

இனியவன் சொன்னதும் சரிதான். ஏழு நாள் என்று நான் சொன்னது சும்மா. அழைப்பு அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் போதும். அனுப்ப முடியாமல் கிடக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வார்டில் இருந்த இரண்டு நாளும் ஜெசிக்குக் கையில் ஊசி. போனைப் பிடிக்க முடியாது. "ஏங்க, பதில் போடாம விட்டா வேற கடைக்குப் பூடுவாங்க, நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நான் என் போனில் அடிப்பேன். 'செல்லம்' என்று போடாமல் விட்டால், "கல்யாணப் பொண்ணுங்க அது. உங்க கம்பெனி கஸ்டமரா? செல்லம் போடுங்க" என்று மிரட்டுவாள். பக்கத்துக் கட்டில் அம்மா சிரிக்கும். இரண்டே நாளில் அவளைப் போலவே எழுத எனக்கு வந்துவிட்டது.

பேஜ் உங்கள் கைக்கு வந்தால் இன்பாக்ஸ் முழுக்கத் தெரியும். நாம் அனுப்பிய ஒவ்வொரு பதிலுக்கும் கீழே யார் அனுப்பியது என்று சின்ன எழுத்தில் பெயர் இருக்கும். கஸ்டமருக்கு அது தெரியாது, பேஜ் வைத்திருப்பவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துப் பேச்சு கிடக்கிறது. பழையதை எல்லாம் சுத்தம் செய்துவிட்டுக் கொடுக்கட்டுமா? புதிதாகத் தொடங்க உங்களுக்கும் சுலபமாக இருக்கும்.

தென்னரசு

*

திண்டிவனம்
22.11.2025

தென்னரசு,

தம்பின்னு எழுத கை வரல.

இன்னிக்குக் காலைல மரக்காணத்துலேந்து ஒரு பொண்ணு வந்துச்சு, பேரு சூர்யகலா. டிசம்பர் நாலு கல்யாணமாம். கூட அவங்க அம்மா. கைல பட்டுத் துணி. "ஜெசி அக்கா இல்லீங்களா? துணி குடுக்க ஒரு வாட்டி நேர்ல வர்றேன்னு சொல்லியிருந்தேன்"னு சிரிச்சிக்கினே உள்ள வந்துச்சு. வந்த பொண்ணு செவுத்துல இருந்த போட்டோவப் பாத்துச்சு. மாலையப் பாத்துச்சு. அப்புடியே கட்டிங் டேபிளப் புடிச்சிக்கினு நின்னுச்சு.

"இல்லீங்க, ரெண்டு வாரம் முன்னாடி கூட பேசினாங்களே"ன்னு போன நீட்டுது. நவம்பர் ஒம்பதாந் தேதி. "கண்டிப்பா செல்லம். உன் பிளவுஸ நானே உக்காந்து போட்டுத் தர்றேன். மயிலா, தாமரையா, நீயே யோசிச்சி சொல்லு." நவம்பர் ஒம்பது. அவளப் பொதச்சி இருபத்தஞ்சு நாள் கழிச்சி.

அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஒரு பார்வ பாத்துச்சி பாரு. செத்தவ பேரச் சொல்லி யாவாரம் பண்றவங்கன்னு நெனச்சிருக்கும். நான் இன்னா சொல்லட்டும்? என் தங்கச்சி புருஷன் பொம்பள மாதிரி எழுதிக்கினு உக்காந்திருக்கான்னு சொல்லட்டுமா? எனக்குக் கூசிப்போச்சு. துணிய வாங்கி வச்சிக்கிட்டு, நான் முடிச்சித் தர்றேம்மான்னு மட்டும் சொன்னேன்.

எத்தினி பேருக்கு இப்புடி எழுதியிருக்க? எல்லாத்தையும் எழுதி அனுப்பு. பேரு, ஊரு, தேதி, இன்னா சொல்லி வச்சிருக்க, எல்லாம்.

இன்னொண்ணு. சுத்தம் பண்றேன், அழிக்கறேன்னு எதுலயும் கை வைக்காத. அவ எழுதுனது ஒரு வரி போனாலும் உன்ன சும்மா விட மாட்டேன்.

அன்புச்செல்வி

*

விழுப்புரம்
24.11.2025

அக்காவுக்கு,

ஏழு பேர். பையில் தனித் தாளில் இருக்கிறது. பெயர், ஊர், போன் நம்பர், கல்யாணத் தேதி, அளவு எடுத்தவர்களுக்கு அளவு. சூர்யகலாவைச் சேர்த்துத்தான் ஏழு. யாரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ஆபீசுக்குப் போனேன். யார் வீட்டிலோ ரவுட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேஜில் ஒரு பெண். "அக்கா, இருக்கீங்களா" என்று கேட்டிருந்தாள். இல்லை என்று அடிக்கப் போனேன். கை "இருக்கேன்டா, சொல்லு" என்று அடித்துவிட்டது. அவள் பாட்டுக்குப் பேசினாள். கழுத்து டிசைன் கேட்டாள், தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினாள். நான் ஜெசி சொல்வது போலவே சொன்னேன். பதினைந்து நிமிடம் மூச்சு சாதாரணமாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேஜைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர்களை உங்கள் கடைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் நீங்கள் நடந்ததைச் சொல்வீர்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். அதற்காக அனுப்பவில்லை. ஏழு பேருக்கும் கல்யாணம் இருக்கிறது, துணி தைக்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அந்தப் பெண்ணுடைய அம்மா பார்த்த பார்வை எனக்கு வந்திருக்க வேண்டியது. உங்களுக்கு வந்துவிட்டது.

நேற்று ஏழு பேருக்கும் உண்மையை எழுதிவிட்டேன், என் பெயர் போட்டு. மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒரு பெண் போன் செய்து அழுதது. ஒருவர் பேஜைப் பற்றிப் போலீசில் சொல்வேன் என்றார்.

எதையும் அழிக்கவில்லை.

தென்னரசு

*

திண்டிவனம்
26.11.2025

தம்பிக்கு,

தாள் வந்துச்சு. ஏழு பேருக்கும் நானே போன் பண்ணேன். போலீசுன்னு சொன்னாரே, அவரு பொண்ணோட அப்பா. ரெண்டு பேச்சு பேசிட்டு அப்பறம், "எங்க வீட்லயும் போன வருஷம் ஒரு சாவும்மா"ன்னு எறங்கி வந்துட்டாரு. அஞ்சு பேரு துணி குடுத்தனுப்பறாங்க. ஆரி வேலைக்கி ரோசணைலேந்து வீரம்மாள்னு ஒருத்தி வருது. ஜெசி கை வராது, ஆனா சுத்தமா போடுது. சூர்யகலா தாமரையே போதும்னுடுச்சு.

உன் சீட்ட அம்மாவுக்குப் படிச்சிக் காட்டுனேன். திட்டும்னு பாத்தா, திட்டல. "அந்தப் புள்ள ஒண்டியா கெடக்குதுடி. சாப்புடுதோ என்னவோ. நீ பிளாக்க எடுத்து உடு"ன்னுச்சு. எடுத்துட்டேன்.

எனக்கும் கோவம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு புரிஞ்சிது. நீ ஏழு பேரு கிட்ட அவளா இருந்து பேசிக்கினு இருந்த. நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? அவ எனக்கு எழுதுன அந்தப் பதில தெனம் பத்து வாட்டி எடுத்துப் படிச்சிக்கினு இருந்தேன். போன வாரம் இனியவன் கடைல அத பிரிண்ட் எடுத்து பைபிள்ல வச்சிட்டேன். நேரத்தோட இருக்கு, நாலு ஆறு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா தெனம் காலைல ஜெபத்துக்கு அதத் தொட்டுக் கும்புடுது. சாவறதுக்கு முன்னால அக்காவ நெனச்சா, பசிக்குதுன்னா, வலின்னு சொல்லல. அது போதும் எங்களுக்கு. இலைலேந்து நீ எழுந்து போனதும் அதனாலதான்னு இப்ப தோணுது, அவ கேட்டு சாப்புடாமப் போனத நீ எப்புடித் தின்னுவ. நான் எல்லார் எதுருலயும் அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது.

பேஜ மட்டும் குடுத்துடு. அவ போன விஷயத்த நானே அதுல எழுதறேன். இனிமே யாரும் ஏமாற வேணாம். குடுத்துட்டு ஒரு போன் பண்ணு. பேசுவோம்.

அன்பு அக்கா

*

விழுப்புரம்
28.11.2025

அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அழைப்பு அனுப்பினேன். ஐந்து இருபதுக்கு நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வந்தது. முழு உரிமையும் உங்கள் பெயருக்குப் போட்டுவிட்டு, என் பெயரை எடுத்துவிட்டேன். ஜெசி கணக்கு அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதும் எடுப்பதும் உங்கள் விருப்பம். இனி நான் நினைத்தாலும் உள்ளே போக முடியாது, எதையும் அழிக்க முடியாது. இதை எழுத ஆரம்பிக்கும் முன் அதைச் செய்துவிட வேண்டும் என்றுதான் செய்தேன். எழுதிவிட்டுச் செய்யலாம் என்றால் எழுதவே மாட்டேன்.

இன்பாக்ஸை இன்னும் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். திறக்கும்போது உங்கள் பேச்சுக்குப் போனால், நாலு ஆறு பதிலுக்குக் கீழே என் பெயர் இருக்கும். அவள் சொல்லி நான் அடித்ததாக நினைக்காதீர்கள். டாக்டர் என்னிடம் சொன்னது மூன்று ஐம்பத்தொன்றுக்குத்தான். முதல் சீட்டில் எழுதியது நிஜம். அடுத்த சீட்டில் நான் பின்வாங்கியதுதான் பொய்.

பெஞ்சில்தான் இருந்தேன். உள்ளே அவள் கையிலிருந்த ஊசியெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். போன் கையில் இருந்தது. "நாங்க கெளம்பறோம்டி, எப்டி இருக்க" என்று பேஜில் வந்தது. எனக்குக் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் அத்தைக்கும் உங்களுக்கும் அவள் இன்னும் படுத்துக்கொண்டு இருக்கிறாள், காய்ச்சல் இறங்கப்போகிறது. அது இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று பட்டது. நீங்கள் கிளம்பி வந்தால் முடிந்துவிடும். வராமல் இருக்க என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். யோசித்தேன் அக்கா, கை தானாகப் போகவில்லை. அத்தை கருவாடு ஊற வைத்து, கழுவி, குழம்பு வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் அதை எழுதினேன். அவள் அன்றைக்குக் காலையிலிருந்து எதையும் கேட்கவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னாளா என்றால், முந்தின நாள் சொன்னாள், "அக்கா கிட்ட ஊக்கு தீந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்று. எனக்குத் தெரிந்து உங்களைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். அதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை.

முப்பதாம் நாள் அந்தக் குழம்பை ஊற்றினீர்கள். அவள் கேட்டது என்று அத்தை ஒவ்வொரு இலைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டே ஊற்றியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து போனேன். நீங்கள் என் மேல் இரக்கப்பட்டு அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டைத்தான் என்னால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் எழுதிய மற்ற சீட்டுகள் என்னிடம் இருக்கட்டும்.

பைபிளில் இருப்பதை என்ன செய்வது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லும் தகுதியும் இல்லை. அத்தையிடம் மறைத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். பிளாக்கை எடுக்கச் சொன்ன மனுஷியிடம் மறைத்துவிட்டு அந்த வாசலில் என்னால் கால் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே திண்டிவனம் வந்து அத்தை முன்னால் நின்று சொல்கிறேன். உள்ளே விட வேண்டாம் என்றால் வெளியே நின்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன் பண்ணச் சொன்னீர்கள். பண்ணப் போவதில்லை. இதைப் படித்ததும் நீங்கள் பண்ணுவீர்கள். திட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆனால், "ஏன்டா இப்புடிப் பண்ண" என்று நீங்கள் கேட்டால் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். மெசேஜ் வந்தால் இன்னும் மோசம். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டுமோ அதை அடித்துவிடுகிறேன். ஒன்றரை மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிறு வரை எனக்கு அந்த வழி இருக்கக் கூடாது.

பையை வெள்ளையம்மாள் அக்கா கையிலேயே கொடுக்கிறேன். செல்போனை அணைத்துவிட்டேன்.

தென்னரசு